உளி பிடிக்கிற கை

கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் செய்தார். "மாப்ள, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு. எத்தனை சைபர்னு பிடிபட மாட்டேங்குது. நீ எண்ணிச் சொல்லு." அவருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்து அனுப்பினான். எண்ணினேன். 16 லட்சத்து 28 ஆயிரத்துச் சொச்சம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாமா 20 ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட இருந்தார். சட்டையெல்லாம் மாட்டிக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு மழை பெய்து பஸ் தாமதமானதால்தான் நான் போய்ச் சேரும்வரை வீட்டில் இருந்தார். அந்த வெள்ளைத்தாளுக்கும் இந்த மெசேஜுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட் வராண்டாவில் வேப்பமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அனுபவம்தான் என் படிப்பு.

2022 ஆகஸ்ட். மேலூரில் ஒரு வீட்டுக்கு நிலைக்கதவு மாட்டிக் கொடுத்துவிட்டு மாமா தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் திரும்பிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் சாக்குப்பைக்குள் உளி, இழைப்புளி, வாள். ஹெல்மெட் தலையில் இல்லை, வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. இதை மறைக்கப் போவதில்லை, கோர்ட்டிலும் மறைக்கவில்லை. நான்குவழிச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. மாமா இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் நொறுங்கிப் போயின. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, குலசாமி காப்பாற்றியது.

காரை ஓட்டிய பையன் ஓடிவிடவில்லை. நிறுத்தினான், தண்ணீர் கொடுத்தான், அழுதான். ஆனால் மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது அந்தப் பக்கம் வந்த வேறு ஒருவர். அவர் விபத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "வண்டியில இருந்து விழுந்து கெடந்தாரு, தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நல்ல மனுஷன் மீது ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் ஏ.ஆர். காப்பியில் ஏறிவிட்டது. ஏ.ஆர். என்றால் ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர். அடிபட்டு வருகிறவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதுகிற முதல் பதிவு. எங்கே, எப்போது, எதனால், யார் கூட்டி வந்தது என்று நாலு வரி. எங்கள் ஏ.ஆர். காப்பியில், டூவீலரிலிருந்து தானாக விழுந்ததாக இருந்தது. காரே இல்லை!

இந்த நாலு வரி பின்னால் எங்களை எப்படி ஆட்டி வைத்தது என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரே, இல்லையென்றால் கூடப் போகிறவர், "இந்த நம்பர் கார் இடித்தது" என்று அந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நம்பர் தெரியாவிட்டால் "கார் இடித்தது" என்றாவது. இரண்டு நிமிட வேலை.

சிகிச்சைக்கு முதலில் பணம் தேடவில்லை. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று தமிழக அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்திருக்கிற அரசு, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் காசு கேட்காமல் பார்க்க வேண்டும். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு. வெளிமாநிலத்துக்காரர் ஆனாலும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை என்று ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது. மாமாவுக்கு அந்த 48 மணி நேரம் பெரிய ஆறுதல். அதற்குப் பிறகு பிளேட் வைத்து, ஸ்க்ரூ போட்டு, பிசியோதெரபி அது இதுவென்று 1 லட்சத்து 12 ஆயிரம் ஆனது. அத்தையின் தோடு அடகுக்கடைக்குப் போனது.

மூன்றாம் நாள் காரோட்டிய பையனின் அப்பா வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கண்ணில் தண்ணீர். "பையன் வேலைக்கு வெளிநாடு போகப்போறான், கேஸ்னு ஒண்ணு விழுந்தா பாஸ்போர்ட்ல சிக்கல், 20 ஆயிரம் தர்றேன், எழுதிக் கொடுத்துருங்க." போலீஸ் ஸ்டேஷனிலும் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. "நம்ம புள்ள மாதிரிதான மாப்ள, போகட்டும்." அன்றைக்குத்தான் மழை பெய்தது.

மாமாவுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. "மாமா, நீங்க கேக்கப் போறது அந்தப் பையன்கிட்ட இல்ல. இன்சூரன்ஸ்கிட்ட." இதுதான் நம் ஊரில் பலருக்குத் தெரியாத விஷயம். ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதே, இடித்தவன் சொத்தை விற்காமல் அடிபட்டவனுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். வருடா வருடம் திட்டிக்கொண்டே நாம் கட்டுகிற அந்தப் பிரீமியம் இதற்குத்தான். அந்தப் பையன் மீது நமக்குக் கோபம் இருக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவன் இடித்தான் என்பது தாளில் வர வேண்டும்.

அதனால் நான்காம் நாள் எஃப்.ஐ.ஆர். போட்டோம். அப்போது இந்திய தண்டனைச் சட்டம்தான், 279, 338 என்று பிரிவுகள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்று மாறிவிட்டது. நான்கு நாள் தாமதம் என்பதை இன்சூரன்ஸ் தரப்பு கடைசிவரை விடவில்லை. ஆனால் 2011ல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அடிபட்டவரைக் காப்பாற்றுவதா, ஸ்டேஷனுக்கு ஓடுவதா என்றால் எந்தக் குடும்பமும் முதலாவதைத்தான் பார்க்கும், தாமதம் மட்டுமே இழப்பீட்டு மனுவைத் தள்ளக் காரணமாகாது. காரணம் சொல்ல முடிகிற தாமதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து நாங்கள் செய்த உருப்படியான காரியம், விபத்து நடந்த இடத்துக்குப் போனது. எதிரே டீக்கடை. டீக்கடை அண்ணன் முழுவதையும் பார்த்திருந்தார். "கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன் தம்பி" என்று ஆரம்பித்தவர், மாமாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு கடை தள்ளி பெட்ரோல் பங்க். அங்கே கேமரா. பதிவு பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும் என்றார் மேனேஜர். நாங்கள் போனது பன்னிரண்டாம் நாள். பென் டிரைவில் வாங்கிப் போலீஸிடமும் கொடுத்தோம். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் காரின் முன்பக்க பம்பர் இடது ஓரம் நசுங்கியிருந்தது பதிவானது. எக்ஸ்.எல்.லின் பின்பக்க மட்கார்டு நசுங்கியதும் பதிவானது. தானாக விழுந்த வண்டிக்குப் பின்பக்கம் எப்படி நசுங்கும்? ஏ.ஆர். காப்பியின் நாலு வரிக்கு எங்கள் பதில் இந்த இரண்டு நசுங்கல்தான்.

இதற்குப் பிறகு நாங்கள் பெரிய தப்பு ஒன்று செய்தோம். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது, குற்றப்பத்திரிகையும் போட்டுவிட்டார்கள், பையன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டான். "கேஸ்தான் நடக்குதே, பணம் தானா வரும்" என்று மாமா வீட்டில் உட்கார்ந்திருந்தார். நானும்தான். ஆனால் அது அரசாங்கம் அந்தப் பையன் மீது நடத்திய கேஸ். அந்த அபராதத்தில் மாமாவுக்கு ஒரு பைசா கிடையாது. இழப்பீடு வேண்டுமென்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், நாம்தான், தனியாக மனு போட வேண்டும். எம்.சி.ஓ.பி. என்பார்கள். சட்டப்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் இருக்கிறது. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒழுங்காகச் செய்யச் சொல்லி உத்தரவும் போட்டது. அதை நம்பி நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் கெடு இருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 1994லிருந்து இந்தக் கெடுவே இல்லாமல் இருந்தது. 2019 திருத்தத்தில் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கினார்கள். மூன்று வருடம் கழித்து மனு போட்ட அந்தக் காலத்துக் கதையைச் சொல்கிற பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, அவர்களை நம்பாதீர்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. கெடு தாண்டியதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவு என்பது வாடகை வீடு மாதிரி. ஆறு மாதம் என்றே மனதில் வையுங்கள். நாங்கள் போட்டது ஐந்தாவது மாதம், 2023 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த மறுவாரம்.

எங்கே போடுவது என்பதிலும் ஒரு வசதி. விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை. அடிபட்டவர் குடியிருக்கிற ஊர், இடித்த வண்டிக்காரர் இருக்கிற ஊர், எதிலும் போடலாம். கிருஷ்ணகிரி பக்கம் அடிபட்ட திருநெல்வேலிக்காரர் வாய்தாவுக்கு வாய்தா கிருஷ்ணகிரி போய் வரவேண்டியதில்லை.

வக்கீல் பற்றி ஒரு வார்த்தை. மாமா ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பதற்கு முன்பே வார்டில் ஒருவர் வந்து விசிட்டிங் கார்டு கொடுத்தார். "செலவு ஒண்ணுமில்ல, வர்றதுல முப்பது பர்சன்ட்" என்றார். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. ஊரில் நடக்காமலில்லை. வெற்றுத் தாளில், வெற்று செக்கில் கையெழுத்து வாங்குகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். தீர்ப்பாயப் பணத்தை நேராக அடிபட்டவர் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று 2025ல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இந்தப் பர்சன்ட் வியாபாரமும் ஒரு காரணமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட கோர்ட்டிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு வயதான அம்மா. ஃபீஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் நாளே மாமாவைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி: "கையில எத்தனை பர்சன்ட் போச்சுங்கிறது இருக்கட்டும். இந்தக் கையால என்னென்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குள் 9 லட்சம் ரூபாய் இருந்தது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமை வேண்டும். மருத்துவக் குழு மாமாவின் இடது கைக்கு 32 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்தது. இதை வைத்து இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். ஒன்று, சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்பது. நம் பக்கத்துத் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று போடுகிற வழக்கம் உண்டு. நாலாயிரம் என்று வைத்தால் 32க்கு 1 லட்சத்து 28 ஆயிரம். முடிந்தது. காயம் ஆறிப் பழையபடி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தும்.

இன்னொன்று மல்டிப்ளையர் கணக்கு. அடிபட்டவர் வருடத்துக்கு எவ்வளவு சம்பாதித்தார், இனி எவ்வளவு குறையும், அவர் வயதுக்கு எத்தனை மடங்கு என்று பார்ப்பது. வயதுக்கான மடங்கை 2009ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. 25 வயது வரை 18, முப்பதுகளின் பிற்பாதியில் 15, 41லிருந்து 45க்கு 14, 56லிருந்து 60க்கு 9 என்று இறங்கிக்கொண்டே போகும். மாமாவுக்கு அப்போது 42. அப்படியானால் 14. 2017ல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள், சொந்தத் தொழில் செய்கிறவருக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். நாற்பதுக்குக் கீழ் 40 சதவீதம், நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் 25 சதவீதம். அதற்கு முன்பு கூலி வேலைக்காரருக்குச் சம்பளமே உயராது என்பது மாதிரிதான் பல இடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தச்சுக் கூலி 2005ல் என்ன, இன்றைக்கு என்ன என்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள்.

இந்த இரண்டு கணக்கில் எது என்பதை எது தீர்மானிக்கும்? அந்தக் கை என்ன வேலை செய்தது என்பதுதான். 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குத் தீர்ப்பை வக்கீலம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னார். இடது கை துண்டிக்கப்பட்டவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுவதும் போய்விட்டது. அதே கை போனவர் அரசு அலுவலக கிளார்க்காக இருந்தால் வேலை அப்படியே இருக்கக்கூடும். ஊனச் சதவீதம் வேறு, பிழைப்பில் விழுந்த சதவீதம் வேறு. தச்சர் என்கிற சொல்லே அந்தத் தீர்ப்பில் இருக்கிறது என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 2018ல் ஜகதீஷ் எதிர் மோகன் என்று இன்னொரு வழக்கு. இரண்டு கையும் போன 24 வயதுத் தச்சருக்கு 90 சதவீதம் என்று சான்றிதழ். உச்ச நீதிமன்றம் அதை முழு இழப்பாகவே எடுத்துக்கொண்டது. "நம்மாளுக கோர்ட்டு வரைக்கும் போயிருக்காய்ங்க பாரு" என்றார் மாமா.

அடுத்து, சம்பளத்துக்கு ஆதாரம். மாமாவிடம் என்ன ஆதாரம் இருக்கும்? கூலியைக் கையில் வாங்கிச் சட்டைப்பையில் போடுகிறவர். ஆனால் அத்தை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைக்கிறவர். அதில் மரக்கடை பில்கள், மாமா கைப்பட எழுதிய அளவு நோட்டு, அட்வான்ஸ் வாங்கிய தேதிகள், தச்சுத் தொழிலாளியாக நலவாரியத்தில் பதிந்த அட்டை எல்லாம் இருந்தன. ஆட்டோ வாடகைச் சீட்டு முதல் பிசியோதெரபி ரசீது வரை அதே பையில். பில் இல்லாத செலவு கோர்ட்டில் நடக்காத செலவு மாதிரிதான். அந்த மஞ்சப்பையைத்தான் வக்கீலம்மா பிரித்து வரிசை எண் போட்டார்.

2024ல் ஒரு சனிக்கிழமை லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் தரப்பு இரண்டே கால் லட்சம் என்றது. லோக் அதாலத் நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். சின்னக் காயம், தெளிவான கணக்கு என்றால் அங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. எங்கள் கணக்கு அதில் முடிகிற கணக்கில்லை. மாமாவுக்குச் சபலம்தான். அத்தைதான் "தோடு போனா போகட்டும், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

பிறகு சாட்சி விசாரணை. மாமா பி.டபிள்யூ. 1, அதாவது மனுதாரர் தரப்பு முதல் சாட்சி. இன்சூரன்ஸ் வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். முதலில் ஹெல்மெட். "போடல சார், கண்ணாடியில மாட்டியிருந்தேன்." அதனால் அடிபட்டவர் மீதும் பாதித் தப்பு என்பது அவர் வாதம். எங்கள் வக்கீலம்மா எழுந்து, அடிபட்டது மணிக்கட்டு, ஹெல்மெட்டை மணிக்கட்டில் போடுவதில்லை என்றார். கோர்ட்டில் சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2020ல் முகமது சித்திக் வழக்கில், மூன்று பேர் ஒரே பைக்கில் போனது விதிமீறல்தான் என்றாலும், அந்த மீறலால்தான் விபத்தோ காயமோ ஆனது என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தலையில் அடிபட்டிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஹெல்மெட்டைத் தலையில் போடுங்கள், கண்ணாடிக்கு அது தேவையில்லை.

அடுத்தது ஏ.ஆர். காப்பி. அரை மணி நேரம் அதைச் சுற்றியே கேள்வி. டீக்கடை அண்ணன், பங்க் கேமரா, நசுங்கிய பம்பர், பையன் ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம். இழப்பீட்டு வழக்கில் கொலைக் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடை போட்டால் போதும். அந்த எடையில் நாங்கள் தப்பித்தோம்.

கடைசியாக அவர் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு வலது கைப் பழக்கம்தானே? வலது கை நல்லாத்தானே இருக்கு? இடது கைதானே அடிபட்டிருக்கு?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கூண்டுக் கட்டையின் மேல் இடது கையை வைத்து, வலது கையை அதற்கு மேலே தூக்கிக் காட்டினார். "சார், வலது கை சுத்தியல் புடிக்கிற கை. அது சும்மா ஏறி இறங்கும், எந்தப் பயலும் அடிப்பான். இந்தக் கைதான் உளி புடிக்கிறது. எங்க வெட்டணும், எவ்வளவு ஆழம், எங்க நிறுத்தணும்னு இதுக்குத்தான் தெரியும். இப்ப உளிய வச்சா விரல் நிக்க மாட்டேங்குது."

நீதிபதி எழுதிக்கொண்டார். இன்சூரன்ஸ் வக்கீல் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வராண்டாவுக்கு வந்ததும் அவரே மாமாவிடம், "எங்க தாத்தாவும் தச்சு வேலைதாங்க" என்றார்.

தீர்ப்பு இப்படி வந்தது. மாத வருமானம் 14 ஆயிரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் கேட்டது அதிகம், இருக்கட்டும். அதோடு 25 சதவீதம் சேர்த்து 17,500. வருடத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். பதினான்கு மடங்கு 29 லட்சத்து 40 ஆயிரம். பிழைப்பில் இழப்பு 35 சதவீதம் என்று முடிவு செய்தார்கள். மருத்துவக் குழு சொன்னதைவிட மூன்று கூட! அது மட்டும் 10 லட்சத்து 29 ஆயிரம். ஆஸ்பத்திரிச் செலவு பில்படி. வேலைக்குப் போகாத ஆறு மாதத்துக்கு 84 ஆயிரம். வலி வேதனைக்கு ஒரு தொகை, இழந்த வசதிகளுக்கு ஒரு தொகை, சத்தான சாப்பாடு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டதற்கு என்று ஒரு தொகை. கூட இருந்தது அத்தைதான். பெண்டாட்டி பார்த்துக்கொண்டதற்கும் காசு உண்டா என்று ஊரில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். உண்டு. மொத்தம் 13 லட்சத்து 50 ஆயிரம், மனுப் போட்ட தேதியிலிருந்து ஏழரை சதவீத வட்டி.

ஒரே காயம். ஒரு கணக்கில் ஒன்றேகால் லட்சம், இன்னொரு கணக்கில் பத்தேகால் லட்சம். எங்கே அடிபட்டது என்பதைச் சொல்ல எக்ஸ்ரே இருக்கிறது. அடிபட்ட இடம் என்ன வேலை செய்தது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தையல்காரருக்குக் கால் பெருவிரல், பரோட்டா மாஸ்டருக்குத் தோள்பட்டை, வாத்தியாருக்குத் தொண்டை. சமைக்கிற, துவைக்கிற வீட்டுப் பெண்ணின் வேலைக்கும் வருமானம் மதிப்பிட வேண்டும் என்று 2021ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "ஹவுஸ் ஒய்ப்தான்" என்று மனுவில் ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள்.

மற்ற சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், விவரம் தேடி என்னிடம் வருகிறவர்கள் கேட்பதால். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, நம்பரே தெரியவில்லை என்றால் அதற்கென்று தனித் திட்டம் இருக்கிறது. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். இதற்குக் கோர்ட் வேண்டாம், கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பம். யார் தப்பு என்று நிரூபிக்க வழியில்லையென்றால் 164ஆம் பிரிவில் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அதை வாங்கிக்கொண்டால் பெரிய மனு காலாவதி, யோசித்துச் செய்யுங்கள். இடித்த டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்லை என்றால் பல சமயம் இன்சூரன்ஸ் முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும். வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லையென்றால் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். அவரிடம் ஒன்றும் இல்லையென்றால் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகம் கட்டும். கட்டாவிட்டால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்வார், பயணிகள் பையோடு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். பார்க்காதவர் யார்?

நம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். நாமே போய் எதிலோ மோதிவிட்டால், வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் பின்னால் இருந்த மனைவிக்கோ மகனுக்கோ ஒன்றும் வராது என்று 2006லேயே தீர்ப்பு இருக்கிறது. முழுப் பாலிசி என்றால் வரும். வண்டி ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும், அதைக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள்.

மாமா இப்போது உளி பிடிப்பதில்லை. மரக்கடை ஒன்றில் அளவு பார்த்துச் சொல்கிற வேலை, நாளுக்கு ஐந்நூறு. பணத்தில் பாதியை வைப்புநிதியில் போட்டாயிற்று. தோடு திரும்ப வந்துவிட்டது. காரோட்டிய பையன் துபாயில் இருக்கிறான், போன தீபாவளிக்கு மாமாவுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்பியிருந்தான்.

அந்தப் பையனின் கார் பாலிசிப் பிரதியை மனுவோடு சேர்க்கும்போதுதான் தேதியைப் பார்த்தேன். விபத்து நடந்த நாளிலிருந்து பதினோராம் நாள் அது முடிய இருந்தது. பன்னிரண்டாம் நாள் இடித்திருந்தால் நாங்கள் அந்த அப்பாவின் வீட்டு வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். எம்.பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். இதைப் படித்து முடித்த கையோடு உங்கள் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் எக்ஸ்.எல். ஓட்டிக்கொண்டு போகிற யாரோ ஒரு மாமாவுக்காக.